குடியேறியோரையும் அகதிகளையும் மனித வணிகத்திலிருந்து காக்கும் சமூகக் கூட்டமைப்பு: தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

பிழைப்புத் தேடி வேறு நாட்டுக்கு வந்தவர்களும், போருக்கும் அடக்குமுறைக்கும் தப்பி வந்த அகதிகளும் மனித வணிகர்களின் கையில் சிக்காமல் காப்பதற்கும், சிக்கியவர்கள் மீண்டுவரத் துணை நிற்பதற்கும் உள்ளூர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்குவது எப்படி என்பதை இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். இத்தகைய கூட்டமைப்பு ஒன்றில் ஒருங்கிணைப்புப் பணி செய்த ஆண்டுகளில், புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்தேன்: அவர்கள் விழிப்புணர்வுக் கூட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து தன் நிலையைச் சொல்கிறார். அவரை அன்றிரவு எங்கே தங்கவைப்பது என்பது மேடையில் பேசியவருக்குத் தெரியாது. அந்தப் பெண் வந்த வழியே திரும்பிப் போகிறார். அவர் வாய் திறந்த செய்தியோ அவருக்கு முன்னால் முதலாளியின் காதுக்குப் போய்விடுகிறது.

ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். விழிப்புணர்வுப் பணி ஆறாவது படியாகத்தான் வருகிறது.

1. எதைத் தடுக்கப் போகிறோம் என்பதை ஒரே பொருளில் புரிந்துகொள்ளுங்கள்

'கடத்தல்' என்ற சொல்லைக் கேட்டதும் வாயைக் கட்டி வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோகும் காட்சியோ, இரவில் எல்லையைத் தாண்டும் படகோதான் நம் மனத்தில் எழுகிறது. இந்த இரண்டு படங்களும் பயிற்சி பெறுகிறவர்களைத் தவறான இடத்தில் தேடவைக்கின்றன. அதனால்தான் நான் 'மனித வணிகம்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

ஐக்கிய நாடுகள் அவை 2000ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறையின்படி இதில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது செயல்: ஒருவரை வேலைக்குச் சேர்ப்பது, கொண்டுசெல்வது, கைமாற்றுவது, தங்கவைப்பது அல்லது பெற்றுக்கொள்வது. இரண்டாவது வழிமுறை: மிரட்டல், வன்முறை, ஏமாற்று, அல்லது ஒருவருடைய கதியற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்வது. மூன்றாவது நோக்கம்: பாலியல் சுரண்டல், கட்டாய உழைப்பு, அடிமைநிலை, உறுப்புகளை அகற்றுதல் போன்ற சுரண்டல். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் இரண்டாவது கூறு இல்லாவிட்டாலும் அது மனித வணிகமே.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. 'அவராகத்தானே சம்மதித்து வந்தார்' என்ற வாதம் செல்லாது. ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதத்தை அந்த நெறிமுறை கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அடுத்து, காசு வாங்கிக்கொண்டு ஒருவரைச் சட்டவிரோதமாக எல்லை தாண்ட வைப்பது தனிக் குற்றம். அதற்கென்று தனி நெறிமுறையே இருக்கிறது. ஆனால் அப்படி எல்லை தாண்டியவர் அந்தப் பயணக் கடனுக்காகவே பிறகு அடைக்கப்பட்டு வேலை வாங்கப்படலாம் என்பதால், எப்படி வந்தார் என்பதை வைத்து எவரையும் ஒதுக்கிவிடக் கூடாது. வீட்டைவிட்டு ஓர் அடி நகராதவர்கூட மனித வணிகத்தில் சிக்கியவராக இருக்கலாம்.

முதல் கூட்டத்திலேயே இதை அரைமணி நேரம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தவறினால், ஓராண்டு கழித்து ஒரு குறிப்பிட்ட நபரை முன்னால் வைத்துக்கொண்டு இதே விவாதத்தை நடத்த வேண்டியிருக்கும்.

2. கதவைத் திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

உதவி கேட்டு வருகிறவருக்கு அன்றைக்கே தேவைப்படுகிறவை சிலவே: பாதுகாப்பான ஒரு படுக்கை, அவருடைய மொழியைப் பேசும் நம்பகமான ஒருவர், மருத்துவம், குடியேற்றச் சட்டமும் தொழிலாளர் சட்டமும் அறிந்த வழக்கறிஞர், உணவுக்கும் உடைக்கும் பயணத்துக்கும் கொஞ்சம் அவசரப் பணம். இவை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதப்படும் வரை வேறெதையும் தொடங்க வேண்டாம்.

பட்டியல் தயாரிக்கும்போது யாருக்கு அந்த உதவி கிடைக்காது என்பதையும் கேட்டு எழுதுங்கள். பல காப்பகங்கள் பெண்களை மட்டுமே ஏற்கும். கட்டட வேலையிலிருந்தோ மீன்பிடிப் படகிலிருந்தோ தப்பிவந்த ஆணுக்கு அங்கே இடமில்லை. சில இடங்களில் பத்து வயதுக்கு மேற்பட்ட மகனை அழைத்துவர விடமாட்டார்கள். சில உதவிகள் வதிவிட ஆவணம் உள்ளவர்களுக்கே கிடைக்கும். இந்த விலக்குகளை முன்கூட்டியே அறியாதவர்கள் நள்ளிரவில் வாசலில் நின்று அறிந்துகொள்கிறார்கள்.

பட்டியல் முடிந்ததும் நீங்களே ஒரு விடுமுறை நாளின் இரவு ஒன்பது மணிக்கு ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பாருங்கள். நான் முதல்முறை அப்படி அழைத்தபோது பாதிக்கு மேல் யாரும் எடுக்கவில்லை. ஓர் எண் மூடப்பட்ட அலுவலகத்துடையது. அந்த ஓர் இரவு, மூன்று மாதக் கூட்டங்களைவிட எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

இவற்றோடு ஊதியம் பெறும் ஓர் ஒருங்கிணைப்பாளரும் வேண்டும். 'எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்று விட்ட கூட்டமைப்பில் தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை.

3. கூட்டாளிகளை எந்த வரிசையில் சேர்ப்பது

முதலில் அந்தந்தச் சமூகத்தாரின் சொந்த அமைப்புகள்: அகதிகளே நடத்தும் சங்கங்கள், வழிபாட்டிடங்கள், மொழி வகுப்புகள், வீட்டுப் பணியாளர் குழுக்கள், தொழிற்சங்கங்கள். இரண்டாவதாகச் சேவை தருகிறவர்கள்: காப்பகம், மருத்துவமனை, உளநல ஆலோசகர், சட்ட உதவி மையம். மூன்றாவதாகத் தொழிலாளர் துறை, குழந்தைகள் நலத்துறை. அதன் பிறகே காவல்துறை.

காவல்துறையைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் பகைமை அல்ல. மனித வணிகர்கள் பயன்படுத்தும் முதல் ஆயுதமே 'போலீஸிடம் போனால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள்' என்ற மிரட்டல்தான். முதல் கூட்டத்திலேயே சீருடை தெரிந்தால் சமூகத்தார் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. சமூக அமைப்புகள் தங்கள் நிபந்தனைகளைத் தங்களுக்குள் பேசி முடிவுசெய்தபின் காவல்துறையுடன் உட்கார்ந்தால் சமமாகப் பேச முடியும். அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: புகார் கொடுக்க வருகிறவரின் வதிவிட நிலையைக் குடியேற்றத் துறைக்கு நீங்கள் தெரிவிப்பீர்களா? இதற்குத் தெளிவான பதில் எழுத்தில் கிடைக்காத வரை, யாரிடமும் 'பயப்படாமல் போங்கள்' என்று சொல்லாதீர்கள்.

அகதிச் சங்கங்களைக் கூட்டத்துக்கு அழைத்துத் தலையாட்ட வைத்துவிட்டு, நிதியெல்லாம் பெரிய நிறுவனத்துக்கே போகும்படி அமைப்பது பரவலான தவறு. இரவில் கதவு தட்டப்படுவது அவர்கள் வீட்டில்தான். அந்த உழைப்புக்கு நிதித்திட்டத்தில் தனி ஒதுக்கீடு இருக்க வேண்டும்.

அதேபோல், சமூகத் தலைவர் என்று அறிமுகமாகிறவர் எல்லோரும் பாதுகாப்பானவர் என்று எண்ணிவிட வேண்டாம். வேலைக்கு ஆள் பிடிக்கும் முகவர் பெரும்பாலும் அதே மொழி பேசுகிறவர், அதே ஊர்க்காரர், சில வேளைகளில் சங்கத்தின் நன்கொடையாளர். ஒரே தலைவரின் வழியாக மட்டும் சமூகத்தை அணுகாமல், பெண்கள், இளைஞர்கள், சிறுபான்மைக் குழுவினர் எனக் குறைந்தது மூன்று தனித்தனி வழிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒப்பந்தத்தை எழுதுங்கள்

நல்லெண்ணம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். சிக்கல் வந்த பிறகு எழுத முடியாது. நான்கைந்து பக்கம் போதும். ஒரு நபரைப் பற்றிய தகவலை யார் யாருடன் பகிரலாம், அதற்கு அவருடைய ஒப்புதல் எப்படிப் பெறப்படும், கோப்பு யாரிடம் இருக்கும், ஒரு கூட்டாளி உதவி தேவைப்படுகிறவரை இன்னொருவரிடம் அனுப்பும் பரிந்துரை வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், கருத்து வேறுபாடு வந்தால் யார் முடிவெடுப்பார் என்பவை அதில் இருக்க வேண்டும்.

ஒப்புதலைத் துண்டு துண்டாகப் பெறுங்கள். காப்பகத்துக்கு விவரம் தரச் சம்மதித்தவர் காவல்துறைக்குத் தரச் சம்மதித்ததாகப் பொருளில்லை. 'எல்லாக் கூட்டாளிகளுடனும் பகிர ஒப்புக்கொள்கிறேன்' என்ற ஒற்றை வரிப் படிவத்தைக் கிழித்தெறிய வேண்டும் என்றே சொல்வேன். குழந்தைகள் விஷயத்தில் மட்டும், பல நாடுகளில் சட்டப்படி புகாரளிக்கும் கடமை உண்டு; உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள். ரகசியம் காப்பதாக வாக்களித்துவிட்டுப் பிறகு மீறுவதைவிட, எதை ரகசியமாக வைக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையானது.

5. பயிற்சி: அடையாளங்களும் மொழிபெயர்ப்பும்

சுவரொட்டிகளில் வரும் சங்கிலி கட்டிய கைகளைக் காட்டிப் பயிற்சி தராதீர்கள். அதைப் பார்த்துப் பழகிய செவிலியரும் ஆசிரியரும் எதிரே புன்னகையோடு உட்கார்ந்திருப்பவரைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அடையாளங்களைத் தொகுத்திருக்கிறது: கதியற்ற நிலையைப் பயன்படுத்துதல், ஏமாற்று, நடமாட்டத் தடை, தனிமைப்படுத்தல், உடல் மற்றும் பாலியல் வன்முறை, மிரட்டல், அடையாள ஆவணங்களைப் பறித்து வைத்தல், கூலியை நிறுத்திவைத்தல், கடன் அடிமைத்தனம், இழிவான வேலை மற்றும் வாழிடச் சூழல், அளவுமீறிய வேலைநேரம். இவற்றில் ஒன்றை மட்டும் கண்டு முடிவுக்கு வர வேண்டாம். ஆனால் ஒன்றைக் கண்டால் மற்றவற்றைக் கேட்க வேண்டும்.

பயிற்சியில் நான் ஒரு நோட்டுப் பக்கத்தின் நகலை, அடையாளம் தெரியாதபடி மாற்றி, மேசைமேல் வைப்பதுண்டு. அதை எழுதியவர் தன் கைப்படவே கணக்கு வைத்திருந்தார். கூலி வரவு ஒரு பத்தியில். முகவர் கட்டணம், படுக்கை வாடகை, சாப்பாடு, சீருடை, வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி எனப் பிடித்தங்கள் அடுத்தடுத்த பத்திகளில். பதினான்கு மாதம் உழைத்த பிறகு கடைசி வரியில் நின்ற கடன், முதல் வரியில் இருந்ததைவிட அதிகம். அவரை யாரும் அடித்ததில்லை, கதவைப் பூட்டியதும் இல்லை. ஊரில் அம்மாவின் வீட்டுப் பத்திரம் முகவரிடம் இருந்தது. இந்தப் பக்கத்தை வாசித்தவர்கள் அதன் பிறகு கேட்கும் கேள்விகள் மாறிவிடுகின்றன.

நேராக 'நீங்கள் அடிமையாக இருக்கிறீர்களா' என்று கேட்டால் எவரும் ஆம் என்று சொல்லமாட்டார்கள். இப்படிக் கேட்கலாம்: உங்கள் பாஸ்போர்ட் இப்போது யாரிடம் இருக்கிறது? வேண்டும்போது அதை வாங்க முடியுமா? நாளைக்கு வேலையை விட்டால் என்ன நடக்கும்? சொன்ன வேலையும் செய்யும் வேலையும் ஒன்றா? கூலி உங்கள் கையில் வருகிறதா? வீட்டில் உள்ளவர்களை யாராவது மிரட்டினார்களா?

மொழிபெயர்ப்பாளரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கணவர், உடன் வேலை செய்கிறவர், பிள்ளைகள் ஆகியோரை ஒருபோதும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஒருமுறை நாங்கள் அவசரத்தில் உள்ளூரிலேயே ஒருவரை அழைத்தோம். அதுவரை விரல்களால் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே மெல்லப் பேசிவந்த பெண், அவர் உள்ளே வந்ததும் நுனியை விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு 'எல்லாம் நல்லபடி இருக்கிறது' என்பதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. வந்தவரின் அண்ணன்தான் அந்த முதலாளிக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவர் என்பது பின்னால் தெரிந்தது. தவறு எங்களுடையது. சிறிய சமூகங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆகவே தொலைவில் வேறு நகரத்திலிருந்து தொலைபேசி வழியே மொழிபெயர்க்க ஏற்பாடு செய்துவையுங்கள். மொழி ஒன்றானாலும் வட்டார வழக்கு, இனக்குழு, மதம் ஆகியவை அச்சம் தரக்கூடும் என்பதால், பெயரைச் சொல்லாமலே 'இந்தப் பகுதியைச் சேர்ந்தவர், உங்களுக்குச் சரியா' என்று முதலில் கேளுங்கள்.

6. இப்போது சமூகத்திடம் செல்லுங்கள்

புலம்பெயர்ந்து வேலை செய்யும் வயதுவந்தோர், புலம்பெயராத தொழிலாளர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் கட்டாய உழைப்பில் சிக்குகிறார்கள் என்று 2022இல் வெளியான உலக மதிப்பீடு காட்டுகிறது. அதே மதிப்பீட்டின்படி 2021இல் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர். ஆனால் இந்த எண்களை நிதி கேட்கும் இடத்தில் சொல்லுங்கள். சமூகக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். அங்கே கேட்க வந்தவர்களுக்கு வேண்டியது கூலி, ஆவணம், கடன், வாடகை பற்றிய பேச்சு.

அழைப்பிதழில் 'மனித வணிகம்' என்று போட்டால், உள்ளே வருகிறவரை வெளியே நிற்பவர் குறித்துக்கொள்வார். 'வேலை செய்வோர் உரிமைகள்' என்றோ, 'உடல்நல முகாம்' என்றோ, மொழி வகுப்பின் ஒரு பாடமாகவோ நடத்துங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல்பதிவுகள் துண்டறிக்கையைவிட நன்றாகச் சென்றுசேரும். எண்ணைக் கைப்பேசியில் சேமிக்க முடியாதவர்களுக்காக அதைக் கழிவறைக் கதவின் உட்புறத்தில் சிறிய தாளில் ஒட்டுங்கள். தனியாக நின்று வாசிக்கக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான்.

அகதிகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: ஐக்கிய நாடுகள் அகதிகள் முகமை தரும் பதிவு, மூன்றாம் நாட்டில் மறுகுடியமர்வு உள்ளிட்ட எல்லாச் சேவைகளும் இலவசம். பட்டியலில் பெயரை மேலே ஏற்றுவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர். வேலை தேடுகிறவர்களிடம், ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பதே 1997ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை 181 வகுத்த பொது நெறி என்பதைச் சொல்லுங்கள். உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா, என்ன விலக்குகள் வைத்திருக்கிறது என்பதைச் சரிபார்த்த பின்பே சொல்லுங்கள்.

7. ஒருவர் முன்வரும் அன்று

முதல் கேள்வி கதையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. 'இப்போது இங்கே பேசுவது உங்களுக்குப் பாதுகாப்பா? எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்? உங்களைத் தேடுவார்களா?' என்பதே முதலில். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர உதவியை அழையுங்கள். அப்படியில்லை என்றால், இன்றே வெளியேறுவதா, பிறகா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்துக் கைப்பேசி. இருப்பிடத்தைப் பகிரும் வசதி இயங்குகிறதா, அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இதை நினைவுகூர்ந்து பயனில்லை.

பிறகு உணவு, உறக்கம், மருத்துவம். அதன் பிறகு வழக்கறிஞர். வழக்கறிஞரைப் பார்க்கும் முன் காவல்துறை வாக்குமூலம் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: அச்சத்திலும் சோர்விலும் முதல்நாள் சொன்னதும் ஒரு மாதம் கழித்துத் தெளிவோடு சொன்னதும் சற்றே வேறுபட்டால், தஞ்சக் கோரிக்கையிலும் நீதிமன்றத்திலும் அந்த வேறுபாடு அவருக்கு எதிராகவே திருப்பப்படும். இதே காரணத்துக்காகத்தான் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் முழுக் கதையையும் கேட்டு எழுதிக்கொள்ளக் கூடாது என்கிறேன். தங்கள் பணிக்கு எது தேவையோ அதை மட்டும் கேட்கட்டும்.

தவிர்க்க வேண்டியவை: நீங்களாக வேலையிடத்துக்குப் போய் மீட்க முயல்வது, முதலாளியிடம் நேரில் நியாயம் கேட்பது, படம் எடுப்பது, 'விசா கிடைத்துவிடும்' என்று வாக்களிப்பது. தன்னார்வலர் ஒருவர் நல்ல மனத்தோடு முதலாளியைத் தொலைபேசியில் அழைத்துத் திட்டினால், அன்றிரவே அந்த வீட்டில் உள்ள மற்ற தொழிலாளர்கள் எல்லோரும் வேறிடத்துக்கு மாற்றப்படுவார்கள்.

8. முதல் வாரத்துக்குப் பிறகு

இங்கேதான் பெரும்பாலான கூட்டமைப்புகள் தளர்ந்துவிடுகின்றன. ஐரோப்பிய மன்றத்தின் 2005 உடன்படிக்கை, பாதிக்கப்பட்டவருக்கு மீள்வதற்கும் யோசிப்பதற்கும் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது. அந்த நாள்களில் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது. கட்டாயத்தின் பேரில் செய்த குற்றங்களுக்காக அவரைத் தண்டிக்காமல் விடுவதற்கும் அதில் வழிவகை உண்டு. உங்கள் நாட்டில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது என்பதை வழக்கறிஞர் ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். என் அனுபவத்தில் முப்பது நாள் போதாது. முப்பத்தொன்றாம் நாளுக்கான தங்குமிடத்தை முதல் வாரத்திலேயே தேடத் தொடங்குங்கள்.

ஊரில் உள்ள கடன் அப்படியே இருக்கும் வரை அவர் மீண்டும் அதே வலையில் விழும் ஆபத்தும் இருக்கும். ஆகவே வேலை செய்யும் அனுமதி, நிலுவைக் கூலியைத் திரும்பப் பெறும் வழக்கு, ஊரிலுள்ள குடும்பத்தின் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் உளநல ஆலோசனைக்கு இணையான மருந்தாகக் கருதி ஒரே நேரத்தில் முன்னெடுக்க வேண்டும். உறங்க முடியவில்லை என்று சொல்கிறவருக்குப் பல வேளைகளில் வேண்டியிருப்பது, ஊருக்கு அனுப்ப இந்த மாதம் கொஞ்சம் பணம்.

9. கூட்டமைப்பைத் தொடர்ந்து நடத்துவது

மாதம் ஒருமுறை பெயர்களைச் சொல்லாமல் நடப்புகளைப் பேசும் கூட்டம் ஒன்றை நடத்துங்கள். எங்கே தாமதமானது, யார் பதில் தரவில்லை என்பது மட்டுமே பேசுபொருள். 'எத்தனை பேரை மீட்டோம்' என்று கணக்குக் காட்டத் தொடங்கினால், வெளியேற விரும்பாதவரை வற்புறுத்தும் பழக்கம் வந்துவிடும். பரிந்துரைக்கும் முதல் படுக்கைக்கும் இடையே எத்தனை மணி நேரம் ஆனது, ஆறு மாதம் கழித்து அவர் எங்கே இருக்கிறார் என்பவற்றை எண்ணுங்கள்.

மீண்டுவந்தவர்களை ஆலோசகர்களாக ஊதியம் தந்து சேருங்கள். மேடையில் அழவைப்பதற்காக அழைக்காதீர்கள். அவர்கள் தங்கள் கதையைச் சொல்லாமலே படிவத்தில் எந்தக் கேள்வி புண்படுத்துகிறது, எந்தச் சுவரொட்டி பொய்யாகத் தெரிகிறது என்பதைச் சொல்வார்கள்.

பணியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நம்பிக்கை தனிநபரைச் சார்ந்தே வளர்வதால், ஒருவர் விலகும்போது புதியவரைச் சமூகத்தாரிடம் நேரில் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகப்படுத்தும் பொறுப்பு விலகுபவருக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் படியில் செய்ததைப் போலவே, விடுமுறை நாள் இரவில் எல்லா எண்களையும் மீண்டும் அழையுங்கள். எடுக்காத எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கி, அந்த இடத்துக்கு மாற்று கிடைக்கும் வரை புதிய விழிப்புணர்வுக் கூட்டங்களைத் தள்ளிவையுங்கள். பட்டியலின் அடியில் சரிபார்த்த தேதியையும் சரிபார்த்தவரின் பெயரையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.